கொள்ளி வைக்காத மகன்

பினாங்கில் எங்கள் வாசிப்புக் குழுவுக்கு ஓர் அண்ணன் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். இருபத்து நான்கு வயதில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவர். அவருடைய அம்மா கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவர். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று மாதமும் இவர்தான் உடனிருந்து பார்த்துக்கொண்டார். அரிசிக்கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, கரண்டியால் ஊட்டுவார். ஒரு குவளை முடிய முக்கால் மணி நேரம் ஆகுமாம். சின்னவர் ஊட்டினால் அம்மா வாயைத் திறக்க மாட்டார். அப்படி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் அம்மா கேட்டிருக்கிறார்: "ஏய்யா, நான் போனா எனக்கு வாய்க்கரிசி போடுவியா?"

இவர் பதில் சொல்லவில்லை. கரண்டியை மறுபடி வாயருகே கொண்டுபோயிருக்கிறார்.

இதை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். சொல்லிவிட்டு, "தம்பி, இதைப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா? ஒழுங்கா?" என்று கேட்டார். 'ஒழுங்கா' என்பதில்தான் அழுத்தம்.

எழுதாமல் இல்லை. ஆனால் நான் படித்தவற்றில் பெரும்பாலானவை இரண்டே வார்ப்புகள். ஒன்று சாட்சி. சபையில் சொல்லப்படுவது, சிறுபிரசுரமாக அச்சாவது. மகன் இரட்சிக்கப்படுகிறான், வீடு அவனை வெறுக்கிறது, அவன் விடாமல் ஜெபிக்கிறான், மரணப் படுக்கையில் அம்மா கண்ணீரோடு ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறாள். ஏற்றுக்கொள்ளாமலேயே செத்துப்போன அம்மாக்களைப் பற்றி யாரும் சாட்சி சொல்வதில்லை. மற்றது துரோகக் கதை. மதம் மாறிய மூத்தவன் சாவு வீட்டு வாசலில் விறைப்பாக நிற்கிறான், நெற்றியில் பூச வந்த திருநீற்றுக்கு முகத்தைத் திருப்புகிறான், ஊர் காறித் துப்புகிறது. இரண்டு கதையிலும் விடுபட்டுப்போகிற ஆள் ஒருவர்தான், செத்துக்கொண்டிருப்பவர். முன்னதில் அவர் ஓர் ஆத்துமா, பின்னதில் ஒரு பிணம். கஞ்சி குடிக்கிற, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷியை இரண்டிலும் காணோம்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜார்ஜ் டவுனில் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பினாங்கு சாலையில் இருக்கிற புனித சவேரியார் ஆலயத்துக்கு நடந்தே போய்விடலாம். மசூதியும் சீனக் கோயிலும் ஆங்கிலிக்கன் தேவாலயமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற தெருவுக்கு 'நல்லிணக்க வீதி' என்று பெயர் வைத்துச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிவருகிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபிறகு கேட்கவே வேண்டாம். பொய் என்று சொல்ல மாட்டேன். வீதியில் நல்லிணக்கம் இருக்கத்தான் செய்கிறது. சண்டை நடப்பது வீட்டுக்குள், அதுவும் யாராவது செத்தால்.

மலேசியாவில் மதமும் சாவும் சேர்ந்தால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது மூர்த்தி வழக்கு. 1997-இல் எவரெஸ்ட் ஏறிய மலேசியக் குழுவில் இருந்த மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்று சொல்லி சமய இலாகா உடலைக் கோரியது. மனைவி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். ஷரியா நீதிமன்றத்தின் ஆணையில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உடல் முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. நாடே பேசியது, பேசியிருக்கவும் வேண்டும். ஆனால் கிறிஸ்தவரான பிள்ளையின் வீட்டில் நடப்பதற்கு இலாகாவும் கிடையாது, வழக்கும் கிடையாது. யாரை எதிர்த்து நிற்பது என்றே தெரியாது. ஒரு பிடி அரிசியை வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். செய்தித்தாளுக்கு இதில் ஒன்றுமில்லை. இலக்கியத்துக்குத்தான் இதில் வேலை இருக்கிறது.

அண்ணனின் கேள்வியை வைத்துக்கொண்டு தேடியதில் நான் போய் நின்றது எதிர்பாராத ஆளிடம். வங்காளி, ஆனால் நம் சென்னையில் எட்டு வருடம் குடியிருந்தவர். மைக்கேல் மதுசூதன் தத்.

1824-இல் பிறந்தவர். அப்பா ராஜ்நாராயண் தத் கல்கத்தாவில் பேரெடுத்த வக்கீல். அம்மா ஜாஹ்னவி. வீட்டுக்கு வாரிசென்று மிஞ்சியது இவர் ஒருவர்தான். 1843 பிப்ரவரியில், பத்தொன்பது வயதில், கல்கத்தாவின் பழைய மிஷன் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். இந்துக் கல்லூரியில் இனி இடமில்லை. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் துரோகக் கதைகளும் சாட்சிகளும் சொல்லத் தெரியாமல் தவிக்கின்றன. அப்பா மகனை அன்றே தலைமுழுகிவிடவில்லை. பிஷப் கல்லூரியில் சேர்த்து, அந்தக் கிறிஸ்தவப் படிப்புக்குச் சில வருடம் பணமும் கட்டினார். அதே சமயம் மறுமணமும் செய்துகொண்டார், கடன் செய்ய இன்னொரு மகன் வேண்டுமே என்று. மகன் பிறக்கவில்லை. கடைசியில் பணமும் நின்றது. 1848-இல் மதுசூதன் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பித்தார், பத்திரிகைகளில் எழுதினார், ரெபெக்காவை மணந்தார், 1849-இல் ஆங்கிலத்தில் ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார்.

அந்த வருடம் நண்பர் கௌர்தாஸ் பசாக்குக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தன் அன்றாட நேர அட்டவணையைக் கொடுக்கிறார். காலையில் எபிரேயம், பள்ளிக்கூட வேலை, மதியம் கிரேக்கம், பிறகு தெலுங்கும் சமஸ்கிருதமும், அப்புறம் லத்தீன், இரவில் ஆங்கிலம். (சென்னையில் உட்கார்ந்துகொண்டு தெலுங்கு படிக்கிறார், பட்டியலில் தமிழைக் காணோம். நமக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.) இத்தனையும் எதற்கு என்று அவரே காரணமும் சொல்கிறார்: தகப்பன்மாரின் மொழியை அழகுபடுத்தத் தயாராகிறாராம். தகப்பனோடு உறவு அறுந்து கிடந்த நாட்களில் எழுதிய கடிதம் இது.

அவர் சென்னையில் இருந்தபோதே அம்மா போனார். 1855-இல் அப்பாவும் போனார். மகனுக்குத் தந்தி இல்லை, ஆள் வரவில்லை. அந்த வருடம் முடியப்போகிற சமயத்தில் கௌர்தாஸ் எழுதிய கடிதம் பார்த்துத்தான் அப்பா செத்த விஷயமே தெரிகிறது. சொத்தில் உறவுக்காரர்கள் கை வைத்துவிட்டார்கள், வந்து சேர் என்று கடிதம். 1856 தொடக்கத்தில் கல்கத்தா திரும்பி, வழக்காடி, உரிமை பெற்றார்.

வழக்காட முடிந்ததே புதுசு. மதம் மாறியவருடைய சொத்துரிமை பறிபோகாது என்று கம்பெனி அரசு சட்டம் போட்டது 1850-இல்தான். அதை எதிர்த்துக் கல்கத்தாவிலும் சென்னையிலும் இந்துக்கள் மனு மேல் மனு போட்டார்கள். வெறும் மதவெறி என்று இன்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர்களுடைய வாதத்தைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். வங்காளத்தில் நடப்பிலிருந்த தாயபாகத்தின்படி, செத்தவருக்குப் பிண்டம் கொடுத்து நற்கதி தேடித் தரக்கூடியவர் யாரோ அவர்தான் வாரிசு. சொத்து அந்தக் கடமையோடு கட்டுண்டது. பிண்டம் வைக்காதவனுக்கு வீடு எதற்கு என்பதுதான் கேள்வி. சட்டம் இரண்டையும் வெட்டிப் பிரித்தது. வீடு உனக்கு, பிண்டம் உன் இஷ்டம். மதுசூதனுக்கு வீடு கிடைத்தது. பிண்டத்தை என்ன செய்தார்?

நான் சொல்ல வருவது இதுதான்: அதைக் காவியத்தில் வைத்தார்.

'மேகநாத வத காவியம்' 1861-இல் வெளிவந்தது. ஒன்பது சருக்கம், எதுகையற்ற புது யாப்பு, நவீன வங்கக் கவிதையின் தொடக்கம் என்று சொல்லப்படுவது. எனக்கு வங்காளம் தெரியாது, கிளிண்டன் சீலியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (2004) படித்தேன். இராமனையும் அவன் கூட்டத்தையும் தனக்குப் பிடிக்காது, இராவணன்தான் தன் கற்பனையை எழுப்புகிறான் என்று மதுசூதன் கடிதத்தில் வெளிப்படையாக எழுதியவர். அதனால் இந்தக் காவியத்தை 'இந்துக் கடவுளைக் கவிழ்த்த கிறிஸ்தவனின் கலகம்' என்று படிப்பது நெடுநாள் வழக்கம். நம்மூரில் இதைக் கேள்விப்பட்டவர்களும் இராவண காவிய வரிசையில்தான் இதைக் கொண்டுபோய் வைப்பார்கள். எனக்கு அது பாதி வாசிப்பாகத்தான் படுகிறது. அண்ணனின் கேள்வியோடு உள்ளே போனால் மூன்று இடங்கள் முட்டுகின்றன.

முதல் இடம் ஆறாம் சருக்கம். நிகும்பலையில் ஆயுதமில்லாமல் வழிபாட்டில் இருக்கிறான் மேகநாதன். இலக்குவனை உள்ளே கூட்டிவந்தவன் சிற்றப்பன் வீடணன். சாவுக்கு முன் மேகநாதன் அவனைக் கேட்கிறான்: உறவு, உடன்பிறப்பு, குலம் இவ்வளவையும் உதறிவிட்டு வந்தாயே, எந்த அறம் உனக்கு இதைச் சொல்லித் தந்தது? மெய்யான தெய்வத்தைக் கண்டுகொண்டு, அதற்காகச் சொந்தவீட்டை விட்டு எதிர்ப்பக்கம் போனவன் வீடணன். கம்பனுக்கு அவன் பக்தன். இராமாயணத்தில் மதம் மாறியவன் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால் அவனைத்தான் சொல்ல வேண்டும். மதம் மாறிய கவிஞன் அவனுக்காக வாதாடுவான் என்றுதானே எதிர்பார்ப்போம்? மதுசூதன் ஆற்றல் முழுவதையும் எதிர்க்கட்சி வக்கீலிடம் கொடுத்துவிட்டார். ராஜ்நாராயண் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை மேகநாதன் கேட்கிறான், வீடணனின் சமாதானம் வலுவற்று நிற்கிறது. இதைக் கலகம் என்று எப்படிச் சொல்வது? தன்னைத்தானே கூண்டில் ஏற்றிக்கொண்ட ஒருவர் தெரிகிறார்.

இரண்டாவது இடம் எட்டாம் சருக்கம். எனக்கு நெஞ்சை அடைத்த இடம். இலக்குவன் வேல்பட்டுக் கிடக்கிறான். மாயையின் துணையோடு இராமன் உயிரோடு மறுவுலகம் இறங்கிப் போகிறான், செத்துப்போன தகப்பனைப் பார்க்க. தசரதன் மகனைக் காண்கிறான், மகிழ்கிறான், மருந்து இருக்கிற இடத்தைச் சொல்கிறான். இராமன் காலைத் தொட்டு வணங்கக் குனிகிறான். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. நீ காண்பது பழைய உடம்பல்ல, நிழல், உடம்போடு இருப்பவன் நிழலை எப்படித் தொடுவாய் என்கிறான் தகப்பன்.

இது வர்ஜிலிடமிருந்து எடுத்தது, ஈனியஸ் தன் தகப்பனைப் பாதாளத்தில் தழுவ முயன்று தோற்கிற இடம் என்று படித்தவர்கள் உடனே சொல்வார்கள். சரிதான். ஆனால் மதுசூதனிடம் கைவசம் வேறொரு காட்சியும் இருந்தது. வால்மீகியில் போர் முடிந்ததும் தசரதன் விண்ணிலிருந்து வந்து மகனைத் தழுவிக்கொள்கிறான். கம்பனில் மீட்சிப் படலத்தில் அதே தழுவல் உண்டு. போதாததற்கு வரம் வேறு கேட்கச் சொல்கிறான். இராமன் என்ன கேட்கிறான்? நீ ஒதுக்கிவைத்த கைகேயியும் பரதனும் மறுபடி எனக்குத் தாயும் தம்பியுமாக வேண்டும் என்கிறான். இறந்த தகப்பனிடம் போய், அவன் கோபத்தில் அறுத்ததை முடிச்சுப்போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறான். சொந்த மரபில் இவ்வளவு கனிந்த ஒரு தழுவல் இருக்க, தொட முடியாத லத்தீன் நிழலைத் தேர்ந்தெடுத்தார் மதுசூதன். எங்கிருந்து எடுத்தார் என்பது ஆய்வாளருக்கு. எதை விட்டுவிட்டு எடுத்தார் என்பதுதான் எனக்கு.

கம்பனில் பரதனை நாம் அதிகம் பேசுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வால்மீகியில் தசரதனுக்கு ஈமக்கடன் செய்வது பரதன். கம்பன் அதை மாற்றினான். உயிர் போகும்முன் தசரதன், கைகேயி என் மனைவியல்ல, பரதன் என் மகனல்ல என்று சொல்லிவிட்டான். ஆகவே பள்ளிபடைப் படலத்தில் வசிட்டன் பரதனைத் தடுக்கிறான், சத்துருக்கன் கடன் செய்கிறான். ஒரு குற்றமும் செய்யாதவன், கேகயத்திலிருந்து ஓடிவந்தவன், அப்பாவின் சிதைக்கு முன்னால் கை கட்டி நிற்கிறான். தலைமுழுகப்பட்ட மகன் சாவுக் களத்தில் நிற்பதைத் தமிழில் இதைவிட நன்றாக எழுதியவர் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் அண்ணன் மின்சுடலையில் தம்பிக்குப் பின்னால் நின்றதாகச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பரதன்தான்.

மூன்றாவது இடம் காவியத்தின் முடிவு. ஏழு நாள் போரை நிறுத்தி வைத்து, கடற்கரையில் மகனுக்குச் சிதை அடுக்குகிறான் இராவணன். நீ முன்னால் நிற்க நான் கண்ணை மூடுவேன், அரசை உன்னிடம் விட்டுவிட்டுக் கடைசிப் பயணம் போவேன் என்று நினைத்திருந்தேனே, விதி வேறு செய்துவிட்டதே என்று அழுகிறான். ஹோமர் இருக்கிறார் இங்கே, ஹெக்டரின் ஈமச்சடங்கோடுதானே இலியட் முடிகிறது. இருந்தாலும், தகப்பனுக்குக் கொள்ளி வைக்காத மகன் ஒருவர், மகனுக்குத் தகப்பன் கொள்ளி வைக்கிற காட்சியில் தன் பெருங்காவியத்தை முடிக்கிறார். மகன் முன்னால் கண்மூட முடியாமல் போன தகப்பனின் ஏக்கத்தை அந்தத் தகப்பன் வாயாலேயே சொல்ல வைக்கிறார். 1843-இல் ராஜ்நாராயணுக்கு மகன் செத்துப்போனான் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம்.

கவிஞனின் வாழ்க்கையை எடுத்துவந்து கவிதைக்குப் பூட்டுக்குச் சாவி போடுவது மலிவான விமர்சனம் என்று நானே பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். இங்கேயும் அந்தப் பயம் உண்டு. மதுசூதன் இதையெல்லாம் நினைத்துத்தான் எழுதினார் என்று சொல்ல வரவில்லை. மதம் மாறிய பிள்ளையின் வலி ஞானஸ்நானத் தொட்டியில் இல்லை, பல வருடம் கழித்துப் பெற்றவர் சாகும்போது கைகள் என்ன செய்வது என்று தெரியாமல் தொங்குகின்றனவே, அங்கே இருக்கிறது என்பதை இந்தக் காவியம் அறிந்திருக்கிறது. அவ்வளவே. நம்பிக்கையைப் பற்றி ஒரு வரிகூட வாதிடாமல் அறிந்திருக்கிறது.

ஒப்பிட நம்மவர் ஒருவர் உண்டு. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, நெல்லைக்காரர், வைணவ வேளாளர், 1858-இல் ஞானஸ்நானம். கிறிஸ்தவக் கம்பர் என்று பேரெடுத்தவர். 'இரட்சணிய யாத்திரிக'த்தை (1894) நான் மதிக்கிறேன். ஆனால் அவர் அடியொற்றிய பனியனின் கதை ஓடிப்போகிறவனின் கதை. பின்னால் மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினால்தான் பனியனின் யாத்திரை தொடங்கும். அந்தச் சட்டகத்துக்குள் சாகிற அம்மாவின் கட்டிலுக்கு இடம் கிடையாது. எல்லாச் சாட்சிகளும் இந்தக் காதுபொத்தலின் பேரப்பிள்ளைகள்தான்.

சுவிசேஷமே அப்படித்தானே என்பார்கள். என் தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்றவனுக்கு இயேசு சொன்ன கடுமையான பதில் மத்தேயு எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தத் தகப்பன் அப்போது சாகவேயில்லை, சாகும்வரை அவகாசம் கேட்டான் என்று விளக்குவோர் உண்டு. அண்ணனுக்கு எல்லா விளக்கமும் மனப்பாடம். ஆனால் அதே இயேசு சிலுவையில் தொங்கும்போது தன் அம்மாவைச் சீடனிடம் ஒப்படைத்ததும் யோவானில் இருக்கிறது. இந்தப் பக்கம் வால்மீகியில், இராவணனுக்கு ஈமக்கடன் செய்ய மாட்டேன் என்று வீடணன் முரண்டு பிடிக்கும்போது, பகை சாவோடு முடிந்தது, போய்ச் செய் என்று அனுப்புகிறவன் இராமன். எந்தத் தெய்வத்துக்காக வீட்டை விட்டானோ அந்தத் தெய்வமே அவனை வீட்டுச் சிதைக்கு அனுப்புகிறது. இந்த இரண்டு இடங்களையும் ஒரே மனதில் சுமந்துகொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பற்றி ஒரு தமிழ் நாவல் வந்தால் எப்படி இருக்கும்! மலேசியாவில் அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள், வீடுகளும் இருக்கின்றன. எழுதினால் சபையும் கோபப்படும், சொந்தபந்தமும் கோபப்படும். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

மதுசூதனின் சாவையும் சொல்லிவிடுகிறேன். 1873 ஜூன் 29. மனைவியாக வாழ்ந்த ஹென்ரியட்டா மூன்று நாள் முன்னால்தான் போயிருந்தார். அடக்கம் செய்யக் கல்கத்தாவின் கிறிஸ்தவ சமூகம் தயங்கியது, உடல் காத்துக் கிடந்தது. கடைசியில் ஒரு பாதிரியார் துணிந்து முன்வந்தபிறகு லோயர் சர்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அங்கிருக்கிற கல்லுக்கான வரிகளை அவரே வங்காளத்தில் எழுதிவைத்திருந்தார். வழிப்போக்கனை நிறுத்தி, தாய்மடியில் குழந்தை தூங்குவதைப்போல இங்கே தூங்குகிறேன் என்று சொல்லி, பிறந்த ஊர் சாகர்தாடியையும் கபதக்ஷ ஆற்றையும் சொல்லி, கடைசியில் இரண்டு பேரைச் சொல்லி முடிக்கிறார். தகப்பன் ராஜ்நாராயண், தாய் ஜாஹ்னவி. கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல், இரண்டு இந்துக்களின் பெயரில் முடிகிறது.

ஆனால் அந்த ஜாஹ்னவி என்ன நினைத்தார்? ஒரே பிள்ளை போன வீட்டில், கணவன் வேறு பெண் கட்டிக்கொண்ட வீட்டில் வாழ்ந்து முடித்த அவருக்கு அந்தக் காவியத்திலும் குரல் கொஞ்சம்தான். மேகநாதனின் தாய் மண்டோதரி வந்து அழுதுவிட்டுப் போகிறாள். ஆண்களின் ஈமச்சடங்கு அது. வாய்க்கரிசி பற்றிக் கேட்கிற அம்மாவை மதுசூதனும் எழுதவில்லை.

இந்தக் கட்டுரையை அண்ணனிடம் முதலில் காட்டினேன். பரதன் பகுதியை இரண்டு தடவை படித்தார். "நான் போட்டேனா போடலையான்னு மட்டும் எழுதிடாதீங்க தம்பி. போட்டேன்னா எங்க சபையில பிடிச்சுக்குவாங்க, போடலன்னா என் தம்பி பிடிச்சுக்குவான்" என்றார். எழுத மாட்டேன் என்றேன். அப்புறம் முதல் பத்திக்குத் திரும்பிப் போய் ஒரு வரியில் விரலை வைத்தார். "துணியில வடிகட்டல. டீ வடிகட்டியில. துணியில வடிகட்டினா வாடை அடிக்குதும்பாங்க எங்கம்மா."